ஏழாம் இலக்கப் பிணைச்சல்

குருக்கள்மடத்தில் சுலோஜனாவின் குசினியில் ஓர் ஓட்டை இருந்தது. சுவரிலோ கூரையிலோ அல்ல, சாப்பாட்டுச் சாமான் வைக்கிற கம்பி வலை அலுமாரியின் இடது கதவில். ஓர் எலிக்குஞ்சு தாராளமாகப் போய்வரலாம். அதை அடைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு வலையும் நாலு சின்ன ஆணியும் போதும். ஆனால் அந்த நாலு ஆணிக்கு முன்னால், இருபத்தேழு பேர் சம்பளம் எடுக்கிற, மூன்று வாகனங்கள் ஓடுகிற ஒரு நிறுவகம் வந்து சேர்ந்துவிட்டது.

ஓட்டையைக் கண்டுபிடித்தவர் சுகாதாரப் பரிசோதகர் கிருஷாந். சுலோஜனா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் தொண்ணூறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவள். அதனால் மாதம் ஒரு முறை அவர் வந்து குசினியைப் பார்ப்பார்.

"அக்கா, சாமான் எல்லாம் மூடின கதவுக்குள்ள இருக்க வேணும். இது எலி போற வழி. வாற மாசம் இருபதாந் தேதி வருவன். அண்டைக்கும் இப்பிடிக் கிடந்தா நான் கையெழுத்து வைக்க மாட்டன். சமையல் வேற ஆளுக்குப் போகும்."

இந்தக் கதையில் வருகிற உத்தியோகத்தர்களில் சொல்ல வந்ததை ஐந்து வசனத்தில் சொல்லி முடித்தவர் அவர் ஒருவர்தான். அதனால்தானோ என்னவோ அவருக்கு இன்னும் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

சமையல் வேறு ஆளுக்குப் போவது சுலோஜனாவுக்கு விளையாட்டுக் காரியமல்ல. அவளுக்கு ஒரு மகள். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் பேச வேண்டும். அதே வளவுக்குள் மகளுக்கென்று எழும்பிய வீடு யன்னல் மட்டத்தில் நிற்கிறது. புருஷன் ஜெயரூபனுக்கு வாவியில் மீன் படுகிற நாளைவிடப் படாத நாள்தான் அதிகம். அந்த யன்னலுக்கு மேலே ஏறுகிற ஒவ்வொரு கல்லும் பள்ளிக்கூடச் சோற்றிலிருந்துதான் வர வேண்டும்.

அவள் வலை வாங்கப் புறப்பட்ட காலையில்தான் கரையோரச் சமையலறை மேம்பாட்டு நிறுவகத்தின் வாகனம் படலையில் வந்து நின்றது. முழுப் பெயரையும் சொல்லி முடிக்க ஒரு மூச்சுப் போதாது என்பதால் ஊரில் அதைக் குசினிக் கந்தோர் என்பார்கள். இறங்கியவர் கள உத்தியோகத்தர் தேனுஜன். கையில் படிவக் கட்டு, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் நல்ல செய்தி.

"அக்கா, உங்களுக்கு நவீன அலுமாரி கிடைச்சிருக்கு. நாலு கதவு. இலவசம். பழைய அலுமாரிய மட்டும் எங்களிட்டத் தர வேணும்."

"அது எதுக்கு சேர்?"

"முன்னர், பின்னர் எண்டு படம் போடுற அக்கா. உங்கட அலுமாரிதான் முன்னர்."

சுலோஜனா யோசித்தாள். புது அலுமாரி, நாலு கதவு, இருபதாந் தேதிக்கு இன்னும் இருபத்தாறு நாள். சரி என்றாள். ஓட்டையோடு இருந்த பழைய அலுமாரியை இரண்டு பேர் தூக்கி வாகனத்தில் ஏற்றினார்கள்.

அலுமாரி கையளிக்கும் விழா கலாசார மண்டபத்தில் நடந்தது. ஆளுயரக் குத்துவிளக்கில் பதினொரு பேர் திரி ஏற்றினார்கள். பன்னிரண்டாவது ஆளுக்குத் திரி இல்லாததால் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். வரவேற்புரை, தொடக்கவுரை, ஆசியுரை எல்லாம் முடிந்தபின் பணிப்பாளர் குஞ்சித்தம்பி எழுந்தார். சமையலறை பற்றி மலேசியாவில் நாலு நாள் படித்துவிட்டு வந்தவர். தனக்குத் தேத்தண்ணி போடவும் தெரியாது என்பதை மேடையில் பெருமையாகவே சொல்பவர்.

"தாய்மாரே, சகோதரிகளே. பெண்ணுக்கு வீட்டில் சொந்தமாக ஒரு மூலையாவது வேண்டும். ஆண்கள் கட்டி ஆளும் வீட்டில் அந்த மூலையை உங்களுக்கு வாங்கித் தரவே நாங்கள் வந்திருக்கிறோம்."

மண்டபத்திலிருந்த அறுபது பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறுபது பேரும் தாய் கொடுத்த வீட்டில், தங்கள் பெயரில் காணி உறுதி எழுதின வளவில் இருப்பவர்கள். கலியாணத்தன்று ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தவர்கள் புருஷன்மார்தான். மூலை இல்லாதவர்கள் யார் என்று கேட்டால் மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள்களில் குந்திக்கொண்டிருந்த அறுபது ஆண்களைத்தான் காட்ட வேண்டும். பணிப்பாளர் நன்றாகப் பேசுகிறார் என்பதால் யாரும் குறுக்கே பேசவில்லை. கையைத் தட்டினார்கள்.

அலுமாரி வந்தது. பெட்டி தனியாக, நாலு கதவும் தனியாக. கதவுகளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆட்கள் கிறுகிப் போகப் பார்த்தார்கள்.

"கதவைப் பெட்டியோட பூட்டல்லயா?" என்று கேட்டாள் சுலோஜனா.

"கதவத் தாங்குற பிணைச்சலும் கைபிடியும் வேற தலைப்பு அக்கா," என்றார் கூட வந்த தேனுஜன். " அது பொருத்துபொருள். அதை நீங்கதான் தெரிவு செய்யணும். பங்கேற்பு முறை."

போகும்போது தேனுஜன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். அதில் பதினாலாம் பிரிவை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். நிறுவகம் வழங்காத ஆணியோ, ஸ்குறூவோ, பசையோ அலுமாரியில் படக்கூடாது. பட்டால் அலுமாரி போகும். அதோடு, இனி வரப்போகும் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் பெயர் வெட்டப்படும். நிவாரணமும் உதவியும் பட்டியல் வழியாகவே வருகிற எங்கள் ஊரில் ஆளைப் பட்டியலிலிருந்து வெட்டுவது என்பது என்ன என்று தெரிந்தவர்கள் பதினாலாம் பிரிவை லேசாக நினைக்க மாட்டார்கள். ஓட்டமாவடிக் கடைக்குப் போய் ஒரு பெட்டி பிணைச்சல் வாங்கி வருகிறேன் என்று புறப்பட்ட ஜெயரூபனை அவள் அந்தப் பிரிவைக் காட்டித்தான் நிறுத்தினாள்.

பொருத்துபொருள் தெரிவுப் பயிலரங்கு அடுத்த வாரம் நடந்தது. மறுபடியும் விளக்கு, மறுபடியும் பொன்னாடை. முன்னால் ஒரு பெரிய பலகை. அதில் நாற்பத்தொரு கைபிடிகளும் பதினேழு பிணைச்சல்களும் இலக்கம் போட்டுத் தொங்கின. பலகைக்கும் பெண்களுக்கும் இடையில் ஒரு கயிறு கட்டியிருந்தது. தொடக்கூடாது.

"ஒரு கைபிடியைத் தெரிவு செய்கிற பெண் நாளைக்கு ஒரு நாட்டையே தெரிவு செய்வாள்," என்றார் பணிப்பாளர். "அவள் பிழையாகத் தெரிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக, எதோடு எது சேரலாம் என்பதை நாங்களே தெரிவு செய்து சேர்க்கை அட்டவணையாகத் தந்திருக்கிறோம்."

சுலோஜனா பலகையைக் கவனமாகப் பார்த்தாள். இருபது வருஷமாகக் குசினிக்குள் நிற்பவளுக்கு இதில் யோசிக்க அதிகமில்லை. சமைக்கிறபோது கை எப்போதும் ஈரம், இல்லாவிட்டால் எண்ணெய். அதனால் நாலு விரலும் உள்ளே போகிற வளைந்த கைபிடி வேண்டும். வாவிக் காற்றிலும் கடற்காற்றிலும் உப்பு. அதனால் துருப்பிடிக்காத பிணைச்சல் வேண்டும். அரிசி மூட்டை இழுக்கும்போது கதவு நன்றாக விலகி நிற்க வேண்டும். எழும்பிச் சொன்னாள்.

"எனக்கு முப்பத்துமூண்டாம் கைபிடியும் நாலாம் பிணைச்சலும் போதும் சேர்."

பணிப்பாளர் அட்டவணையைப் புரட்டினார். "முப்பத்துமூன்று வெள்ளி நிறம். நாலு மங்கல் நிறம். சேராது தங்கச்சி. பார்வைக்கு ஒற்றுமை இல்லை."

"பிணைச்சல் கதவுக்கு உள்ளுக்கத்தானே சேர் கிடக்கப் போகுது. ஆர் பாக்கிற?"

"பார்ப்பதற்காக இல்லை. கொள்கைக்காக." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நாலாம் இலக்கம் பலகைக்கு மட்டும்தான் வாங்கினது. எங்களிட்ட இருக்கிறது ஏழாம் இலக்கம். ஏழோடு சேரக்கூடியது பன்னிரண்டு தொடக்கம் பத்தொன்பது வரை. அதிலயும் பதினாறு மட்டும்தான் களஞ்சியத்தில் கிடக்கு. அதுக்குள்ள நீங்க சுதந்திரமாத் தெரிவு செய்யலாம்."

பதினாறாம் இலக்கம் பவுன் நிறத்தில் மின்னுகிற ஒரு சின்னக் குமிழி. ஈரக் கையால் பிடித்தால் வழுக்கும். சுலோஜனா ஒரு பெருமூச்சோடு அதையே தெரிவு செய்தாள். தெரிவு செய்த பிறகுதான் அவளுக்குத் தெரிவு செய்யும் உரிமை இல்லை என்பது தெரியவந்தது.

"குடும்பத் தலைவர்தான் படிவத்தை நிரப்பணும் அக்கா," என்றார் தேனுஜன். "கணவன் உயிரோட இருக்கக்குள்ள கணினி மனைவியத் தலைவரா எடுக்காது."

பெண்ணுக்கு மூலை வாங்கித் தருகிற கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஜெயரூபன் அழைத்துவரப்பட்டான். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் சாப்பிடுகிறவன். உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று இன்றைக்குவரைக்கும் அவனுக்குத் தெரியாது. பணிப்பாளர் ஒரு மாதிரிக் கதவை அவனிடம் நீட்டி, லேசாகத் தள்ளச் சொன்னார். ஏழாம் இலக்கப் பிணைச்சல் கதவைச் சத்தமில்லாமல் தானாக மூடியது. ஜெயரூபன் மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்தான். அவனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அன்றைக்குப் பொருத்துபொருளைத் தொட்ட ஒரே ஊரவன் அவன்தான்.

தெரிவுக்கான காரணத்தை நூற்றைம்பது சொல்லில் எழுதச் சொன்னார்கள். "சத்தம் இல்ல" என்று எழுதினான். இன்னும் நூற்றுநாற்பத்தெட்டுச் சொல் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் தேனுஜனே எழுதினார். குடும்ப நல்லிணக்கத்தை மேம்படுத்தும் மௌனமான பிணைச்சல் என்று அது தொடங்கியது.

அடுத்த கட்டத்தில் 'வீட்டு உரிமையாளர்' என்று இருந்தது.

"வீடு அவட சேர்," என்றான் ஜெயரூபன்.

"தெரியும் அண்ணன். ஆனா தலைவர் வேற, உரிமையாளர் வேற எண்டா கணினி படிவத்தத் திருப்பி அனுப்பும். சும்மா ஒரு பெயர்தானே. போடுங்க."

எங்கள் பக்கத்தில் சீதன வீட்டுக்கு உரிமையாளர் என்று ஓர் ஆண் கையெழுத்து வைப்பது சும்மா காரியமல்ல. பெண் பகுதிக்குத் தெரிந்தால் வளவுக்குள் கூட்டம் கூடிவிடும். ஜெயரூபன் மனைவியைப் பார்த்தான். அவள் நாட்காட்டியை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இருபதாந் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அவன் பெயரைப் போட்டான். 

பத்து நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. தன்னாமுனையிலிருந்து அவனுடைய அக்கா பாலசுந்தரி.

"தம்பி, இஞ்ச ஒரு பெட்டி கொண்டு வந்து இறக்கிப் போட்டுப் போறாங்க. எட்டுப் பிணைச்சல், நாலு குமிழி. நான் ஒண்டும் கேக்கல்லயே. என்னடா இது?"

நடந்தது இதுதான். ஜெயரூபன் வீட்டு உரிமையாளன் என்று படிவம் சொன்னது. கணினி அவன் பெயரில் வீடு தேடியது. உலகத்தில் அவன் பெயரில் வீடே இல்லை. அவன் பிறந்த வீடு அக்காவின் சீதனமாய்ப் போய்விட்டது, வாழ்கிற வீடு மனைவியின் சீதனமாய் வந்தது. ஒன்றும் அகப்படாத கணினி அவனுடைய பிறப்புச் சான்றிதழில் இருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டது. அலுமாரியும் கதவும் குருக்கள்மடத்தில், பிணைச்சலும் கைபிடியும் தன்னாமுனையில்.

அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பெட்டியைக் கொடுக்க அக்காவுக்கு மனம்தான். ஆனால் பெட்டியோடு அவளைப் படம் எடுத்து, முத்திரை ஒட்டி, இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் பூட்ட மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிப் போயிருக்கிறார்கள். தந்தால் அவள் பெயரும் வெட்டுப்படும். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தாள்.

மறுநாள் அவன் குசினிக் கந்தோருக்குப் போனான். அங்கே கோப்பு வைக்கிற அலுமாரியின் கதவைப் பழைய விழாப் பதாகையில் கிழித்த துண்டால் கட்டி வைத்திருந்தார்கள். பணிப்பாளரின் மேசை லாச்சி காலால் ஓர் உதை கொடுத்தால்தான் திறந்தது. அவற்றுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சாமான் நின்றது. சுலோஜனாவின் கம்பி வலை அலுமாரி. இடது கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் புது வலை வைத்து நாலு ஆணி அடித்திருந்தது. உள்ளே பணிப்பாளரின் சீனிப் போத்தல், பால்மா, விசுக்கோத்து.

"எலித் தொல்லை," என்றார் பணிப்பாளர், அவன் பார்ப்பதைக் கண்டு. "என்ன விஷயம்?"

ஜெயரூபன் விஷயத்தைச் சொன்னான். பணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். தன்னாமுனைப் பதிவை நீக்கலாம், அதற்கு அங்கே அலுமாரி இல்லை என்று நிரூபிக்க வேண்டும், படம் வேண்டும் என்றார். ஜெயரூபன் திரும்பவும் தன்னாமுனைக்குப் போய், அக்காவின் குசினியில் அலுமாரி இல்லாத சுவரைப் படம் எடுத்து வந்தான். அந்தப் படம் நிராகரிக்கப்பட்டது. விதிப்படி பயனாளி அலுமாரியோடு நிற்கிற படமே ஏற்கப்படும். இல்லாத அலுமாரியோடு எப்படி நிற்பது என்று கேட்டான். அதற்குத் தனிப் படிவம் அச்சில் இருக்கிறதாம்.

"ஆறு நாள்தான் சேர் இருக்கு. கதவு பூட்டாட்டி அவட சமையல் போயிரும்."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. பொருத்துபொருளை மாற்றுவதுதான் கஷ்டம். ஆளை மாற்றுவது கஷ்டமில்லை. நீங்கள் தன்னாமுனைக்குப் போய் இருங்கள். தலைவர் அங்கே குடியிருந்தால் பதிவு சரியாகிவிடும். பதிவு சரியானால் அலுமாரியை அங்கே மாற்ற நான் கையெழுத்து வைக்கிறேன்."

"நான் அக்காட வீட்டில போய் இருந்தா, பொஞ்சாதி துரத்திப் போட்டா எண்டு ஊர் கதைக்கும் சேர். மகளுக்குக் கலியாணம் பேச ஒருத்தனும் வர மாட்டான்."

"ஆறு மாதம்தான். ஓர் அபிவிருத்திக்காக நாங்கள் எவ்வளவோ இழக்கிறோம். நானே மலேசியாவில் நாலு நாள் சோறில்லாமல் இருந்தேன்."

ஜெயரூபன் வாழ்க்கையில் அதிகம் கோபப்படாதவன். அன்றைக்கு அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் சபையில் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாததால் "வாறன் சேர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான். வலை அலுமாரியில் கண்ட சீனிப் போத்தலையும் சொன்னான். சுலோஜனா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆணி அடிக்கிற வேலையை விட்டு இவர்களின் பலகைக்கு முன்னால் கைகட்டி நின்றதை நினைத்துத்தான் அழுதாள்.

பிறகு எழும்பி, வாய் திறந்து நின்ற அந்தப் புது அலுமாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னப்பா, அந்தப் பக்கம் பிடிங்க."

"எங்க கொண்டு போக?"

"எங்கயும் இல்ல. படுக்க வைப்பம்."

இரண்டு பேருமாக அலுமாரியை மெல்லச் சாய்த்து, முதுகு நிலத்தில் படுகிறபடி மல்லாக்கப் போட்டார்கள். தட்டுகள் தடுப்புகளாயின. ஒரு தடுப்பில் அரிசி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் தேங்காய், ஒன்றில் வெங்காயமும் மிளகாயும். நாலு கதவையும் மேலே வரிசையாக வைத்தாள். நாலும் மூடியாகப் பொருந்தின. மூடிக்குப் பிணைச்சல் தேவையில்லை. கைபிடிக்கென்று துளைத்த துளைகளில் ஜெயரூபன் வலைக் கயிற்றைக் கோத்து நாலு விரல் போகிற அளவுக்கு வளையம் போட்டான். கயிறு ஆணியுமல்ல, ஸ்குறூவுமல்ல, பசையுமல்ல. எலி தள்ளாமலிருக்க இரவில் ஒவ்வொரு கதவிலும் ஒரு கல் வைப்பதென்று முடிவாயிற்று.

இருபதாந் தேதி கிருஷாந் வந்தார். குனிந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார், விளிம்பில் விரலை ஓட்டினார், உள்ளே மோந்தும் பார்த்தார்.

"இதென்ன அக்கா, படுத்துக் கிடக்கு?"

"மூடிக் கிடக்கா சேர்?"

"மூடித்தான் கிடக்கு." கையெழுத்தை வைத்துவிட்டுப் போனார்.

குசினிக் கந்தோருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. சுகாதாரப் பகுதி ஏற்றுக்கொண்ட முதலாவது சமையலறை என்றால் ஆண்டறிக்கைக்கு முகப்புப் படம் அதுதான். இரண்டு நாளில் பணிப்பாளர், தேனுஜன், படம் பிடிப்பவர், பதாகை பிடிப்பவர்கள் என்று ஒரு கூட்டமே வந்து குசினிக்குள் ஏறியது. மல்லாக்கக் கிடந்த அலுமாரியைக் கண்டதும் பணிப்பாளர் முகம் சுருங்கியது.

"இது அலுமாரிக் கொள்கைக்கு எதிரானது. நிமிர்த்துங்கள். இரண்டு பேர் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், படம் எடுத்துவிட்டுப் பிறகு படுக்க வைக்கலாம்."

"உள்ளுக்குப் பிள்ளைகளிட சாமான் கிடக்கு," என்றாள் சுலோஜனா. "நிமித்தினா எல்லாம் கொட்டிப் போகும்."

பணிப்பாளர் அவளோடு பேசி மினக்கெடவில்லை. ஜெயரூபன் பக்கம் திரும்பினார்.

"ஜெயரூபன், வீட்டு உரிமையாளர் நீங்கள். கையெழுத்து வைத்தவர் நீங்கள். சொல்லுங்கள், நிமிர்த்துவதா இல்லையா?"

ஜெயரூபன் பதில் சொல்ல வாயெடுக்க முன், சுலோஜனா அடுப்பிலிருந்து சோற்றுக் கிடாரத்தை இறக்கினாள்.

"அந்தப் படிவத்தக் கிழிச்சுப் போடுங்க சேர். வீடு என்ட. பாட்டி அம்மாக்குக் குடுத்து, அம்மா எனக்குத் தந்த வீடு. உங்களுக்குப் படம் வேணுமெண்டா உங்கட கந்தோரில என்ட வலை அலுமாரி நிக்காம், அதை எடுங்க. எடுத்துப் போட்டு மறுகா என்ட சாமான அனுப்பி விடுங்க. உங்கட சீனிப் போத்தல வெளியில வைச்சிட்டு."

 பதாகை பிடித்திருந்தவர்கள் பதாகையைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

"இப்ப வழிய விடுங்க. பிள்ளைகளுக்குச் சோறு ஆறுது."

அவர்கள் விலகினார்கள். அவள் கிடாரத்தோடு படலையில் நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.  பணிப்பாளர், தலைவரோடு தலைவராகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்கிற குரலில் ஜெயரூபனிடம் கேட்டார்.

"இப்ப நாங்கள் என்ன செய்வது?"

"வெளியில வாங்க சேர்," என்றான் ஜெயரூபன். "அவ இல்லாத நேரம் குசினிக்க நிண்டா எனக்கும் ஏச்சு விழும்."